பிள்ளையைக் கேட்டு ஆள் வரும்போது: நகரத்து வேலைக்கு அனுப்பாமல் தடுக்க ஒரு தோட்டக் கைநூல்

இலங்கை மலையகத்திலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போகும் பிள்ளையை யாரும் கடத்திக்கொண்டு போவதில்லை. தெரிந்த ஒருவர் வருகிறார், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார், "கொழும்புல நல்ல வீடு ஒண்ணு இருக்கு, புள்ளைய சொந்தப் புள்ள மாதிரி பாத்துக்குவாங்க" என்கிறார். கேட்பவர் மாமாவாகவோ சித்தியாகவோ, பக்கத்து டிவிஷனில் மரியாதைப்பட்டவராகவோ இருப்பார். சட்டம் தெரியாததால் மட்டும் பெற்றோர் சம்மதிப்பதில்லை. மறுத்தால் உறவு முறியும், வாங்கிய கடனுக்கு முகம் கொடுக்க முடியாது, "பெரிய ஆளாயிட்டாங்க" என்று லயம் பேசும். ஆகவே பெற்றோர் முகம் கெடாமல் "இல்லை" என்று சொல்ல ஒரு வழி செய்து கொடுப்பதே இந்த வேலையின் பாதி. மீதிப் பாதி பணம், கடதாசி, பாடசாலை.

தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள், பிள்ளைக்காம்பரா (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையம்) பொறுப்பாளர்கள், மாதர் சங்கம், கோயில் கமிட்டி, இளைஞர் கழகம், கிராமிய சிறுவர் அபிவிருத்திக் குழு ஆகியோருக்காக இது எழுதப்பட்டிருக்கிறது.

சட்டம், சுருக்கமாக

பெண்கள், இளம் ஆட்கள், சிறுவர்களை வேலைக்கு அமர்த்துதல் பற்றிய 1956 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டம் 2021 இல் திருத்தப்பட்டு, வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக் குறைந்த வயது 14 இலிருந்து 16 ஆனது. கட்டாயக் கல்வி வயதும் 2016 முதல் 5 இலிருந்து 16 வரை. 16 வயது முடிந்த ஒருவரை வேலைக்கு வைக்கலாம் என்றாலும், ஆபத்தான தொழில்கள் என்று பட்டியலிடப்பட்டவற்றில் 18 முடியாத எவரையும் வைக்க முடியாது. பிறகு வந்த வர்த்தமானி விதிகளில் வீட்டு வேலையும் அதில் சேர்ந்துவிட்டது. ஆகவே "பதினாறு முடிஞ்சிருச்சு, பங்களாவுக்கு அனுப்பலாம்" என்ற பேச்சு இன்று செல்லாது. பிள்ளை பள்ளி விட்டு வந்து வீட்டுத் தோட்டத்தில் தாய்க்கு ஒத்தாசை செய்வதை யாரும் குழந்தைத் தொழில் என்று சொல்லவில்லை. கூட்டத்தில் இந்த வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், "அப்ப புள்ள கீரை புடுங்கினாலும் குத்தமா?" என்று யாராவது கேட்க, பேச்சு முழுவதும் அந்தப் பக்கமே போய்விடும்.

வயதைச் சரியாகப் பிடிப்பது

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். லயத்தில் வயது கேட்டால் நடக்கிற வயதைச் சொல்வார்கள். "பதினாறு நடக்குது" என்றால் முடிந்தது பதினைந்துதான். தரகர் அதைப் பதினாறு என்று எடுத்துக்கொள்வார், வீட்டுக்காரரிடம் பதினெட்டு என்று சொல்வார். வாய்வார்த்தையை எழுதாமல் பிறந்த திகதியை எழுதுங்கள்.

அடையாள அட்டை இருக்கிறது என்பதாலேயே பிள்ளை வேலைக்குப் போகலாம் என்று நினைப்பதும் தவறு. அட்டை 15 வயதிலேயே கிடைக்கும். அட்டை இலக்கத்திலிருந்தே வயதைப் படிக்கலாம். 12 இலக்கப் புதிய எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்பிள்ளைக்கு அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்தே எண்ண வேண்டும். 2010 ஏப்ரல் 14 இல் பிறந்த பெண்பிள்ளைக்கு 31+29+31+14 = 105, அதோடு 500 சேர்த்து 605. ஆகவே எண் 2010605 என்று தொடங்கும். பிள்ளை கொடுக்கும் எண் இதற்குப் பொருந்தாவிட்டால், அக்காவின் அல்லது சித்தியின் அட்டையை வைத்துப் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி நடப்பதுதான்.

பிறப்புச் சான்றிதழே இல்லாத பிள்ளைதான் மிக எளிதாகக் கைநழுவும். பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் கடந்துவிட்டால் காலங்கடந்த பதிவாகப் பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். கொண்டுபோக வேண்டியவை: ஆஸ்பத்திரி அல்லது தோட்ட மருந்தகப் பதிவு, தாயின் கர்ப்பிணி அட்டை அல்லது பிள்ளையின் வளர்ச்சி அட்டை, பெற்றோர் அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ் இருந்தால் அதுவும், கிராம உத்தியோகத்தரின் கடிதம். தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதும்போது எழுத்து மாறுவதும், அட்டையில் ஒரு பெயர் சான்றிதழில் இன்னொன்று என்றிருப்பதும்தான் கோப்பை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும். படிவத்தைக் கொடுக்குமுன் எல்லாக் கடதாசியிலும் உள்ள பெயரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முறை சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

ஒரு கொப்பி, ஐந்து பத்தி

இப்போது வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளைத் தேடுவதற்கு முன், அடுத்துப் போகக்கூடிய பிள்ளைகள் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு சாதாரணக் கொப்பியில் ஐந்து பத்தி (நிரல்) போட்டால் போதும். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, லய இலக்கம், வகுப்பும் ஆசிரியரும், ஐந்தாவதாக "ஏன் கவனம்". கடைசிப் பத்தியில் வரக்கூடியவை பெரும்பாலும் இவைதான்: தாய் வெளிநாட்டில், பிள்ளை அம்மாயியோடு இருக்கிறது. தகப்பன் குடியில் கிடக்கிறார். வீட்டில் அண்மையில் ஒரு மரணம் அல்லது சடங்குக் கடன். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே நகரத்தில் வேலை. ஐந்தாம் வகுப்பு முடிந்து ஆறாம் வகுப்புக்குத் தூரத்துப் பாடசாலை. சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடையவில்லை, அல்லது பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கிறது.

அக்கா நகரத்தில் வேலை செய்யும் வீட்டைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே தங்கைக்குப் பேச்சு நடக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அக்காவுக்குக் கல்யாண வயது வந்ததும் வீட்டுக்காரர் "மாத்துக்கு ஒரு புள்ள" கேட்பார். ஆள் போனாலும் அந்த இடம் குடும்பத்தின் கையிலேயே இருக்கும்.

வரவு இடாப்பு இன்னொரு கருவி. தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் யாராவது போக வேண்டும், ஆசிரியரே போக வேண்டியதில்லை. லயத்துக்குத் தெரிந்த ஒரு பெண் "புள்ளைக்கு காய்ச்சலா?" என்று கேட்டுப் போனால் கதவு திறக்கும். கூட்டமாகப் போனால் திறக்காது. பத்து நாள் தாண்டினால் அதிபர் மூலம் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் எழுத்தில் போக வேண்டும். பாடசாலைகளில் நடக்கும் கெட்ட வழக்கம் ஒன்று, மாணவர் தொகை குறைந்தால் ஆசிரியர் குறைவார் என்று போன பிள்ளையின் பெயரை இடாப்பிலேயே வைத்திருப்பது. அதனால் பிள்ளை கடதாசியில் வகுப்பில் இருக்கும், ஆள் கொழும்பு வெள்ளவத்தையில் பாத்திரம் கழுவும். அதிபரிடம் இதைக் குற்றம் பிடிக்கும் குரலில் கேட்காமல், "பேரை வெட்டாதீங்க சேர், வராத நாளை மட்டும் வராதுன்னே போடுங்க" என்று கேளுங்கள். பெயர் இருப்பது பிள்ளை திரும்பி வரும்போது நன்மை.

காலத்தைப் பொறுத்தவரை தீபாவளிக்கு முந்திய இரண்டு கிழமையும், தைப்பொங்கலுக்குப் பிந்திய இரண்டு கிழமையும், கோயில் திருவிழா முடிந்த வாரமும் கவனிக்க வேண்டியவை. நகரத்தில் இருப்பவர்கள் ஊருக்கு வருவது அப்போதுதான். புதுச் சட்டை, கையில் போன், தம்பி தங்கச்சிக்கு இனிப்பு என்று வரும் பதினேழு வயதுப் பையன் எந்தத் தரகரையும்விட வலுவான விளம்பரம். அவன் எத்தனை மணிக்கு எழுகிறான், எங்கே படுக்கிறான் என்பதைத் தீபாவளியன்று யாரும் கேட்பதில்லை. கழகத்துப் பையன்கள் அவனைத் தனியே வைத்துக் கேட்டால் சொல்வான், அதையும் அவனைக் கேலி செய்யாமல் கேட்க வேண்டும்.

மறுக்க ஒரு சாக்கு

பெற்றோரிடம் "அனுப்பாதீங்க" என்று சொல்வதால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அவர்கள் கேட்பவரிடம் என்ன சொல்லப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. உறவுக்காரரிடம் "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்ல முடியாது, அது அவரை அவமதிப்பதாகும். ஆனால் பழியை வெளியே உள்ள ஒருவர் மேல் போட்டுவிட்டால் இருவர் முகமும் தப்பும். தோட்டத்தில் வேலை செய்த சாக்குகள் சில:

"ஸ்கூல்ல பேரு எடுத்திருக்காங்க மாமா. மூணு நாளு வரலைன்னா ஆள் அனுப்பிடுறாங்க."

"ஜீ.எஸ். ஐயா லிஸ்ட் போட்டு வச்சிருக்காரு, அஸ்வெசுமவ வெட்டிருவாங்கன்னு பயமா இருக்கு." (ஜீ.எஸ். என்பது கிராம உத்தியோகத்தர், அஸ்வெசும என்பது அரச நிவாரணப் பணம்.)

"புள்ளைக்கு பதினெட்டு ஆவலைன்னா அந்த வீட்டு நோனாவ பொலிஸ் புடிச்சிரும்னு சொல்றாங்க. அவங்களுக்கு நம்மளால ஏன் கரைச்சல்?"

மூன்றாவது எல்லாவற்றிலும் நன்றாக வேலை செய்கிறது. மறுப்பதே வீட்டுக்காரர்மீது அக்கறை போல ஆகிவிடுகிறது. முதலாவது உண்மையாக இருந்தால்தான் வேலை செய்யும், அதாவது பாடசாலையிலிருந்து நிஜமாகவே ஆள் போக வேண்டும். இரண்டாவதை அளவோடு பயன்படுத்துங்கள். நிவாரணத்தை வெட்டுவோம் என்று நீங்களே மிரட்டினால் அடுத்த முறை பிள்ளையை இரவில் அனுப்பிவிடுவார்கள்.

யார் பேசுகிறார்கள் என்பதும் பெரிய விஷயம். பெண்பிள்ளை வயசுக்கு வந்த வீட்டில் தாய்மாமனின் சொல் தகப்பனுடையதைவிடக் கனம். சடங்குச் செலவு அவர் தலையிலும் விழுந்திருக்கும், பிள்ளைமேல் உரிமையும் இருக்கும். அவரை முதலில் பிடியுங்கள். ஆண்பிள்ளை விஷயத்தில் தகப்பனின் கூட்டாளிகள் சொன்னால் கேட்பார்கள். தோட்டத் தலைவரை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். சில இடங்களில் தலைவரின் சொந்தக்காரரே ஆள் தேடிக் கொடுப்பவர். கங்காணி, கணக்கப்பிள்ளை வழியாகப் போனால் பேச்சு துரை (தோட்ட முகாமையாளர்) வரை போய், "தோட்டத்துப் பெயர் கெடுகிறது" என்ற கவலையில் பிள்ளை மறந்துபோகும்.

வயசுக்கு வந்த பிள்ளையை லயத்தில் வைத்திருக்கப் பயப்படுவது நியாயமான பயம்தான். தாயும் தகப்பனும் மலைக்கு வேலைக்குப் போய்விட்டால் ஒற்றை அறையில் பிள்ளை தனியே இருக்கும், கழிப்பறை லயக் கடைசியில், பாடசாலைக்கு ஆளில்லாத தேயிலைப் பாதை. இந்தப் பயத்தைத்தான் தரகர் பயன்படுத்துகிறார்: "அங்க கேட்டு போட்ட வீடு, பயமில்ல." பூட்டிய வீட்டுக்குள் நடப்பதை வெளியே யாரும் பார்க்க முடியாது என்பதைப் பெற்றோர் நினைத்துப் பார்ப்பதில்லை. 2021 ஜூலையில் கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்த டயகமப் பக்கத்து 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு இறந்ததை இங்கே எல்லாரும் அறிவார்கள். ஆனால் அதைச் சொல்லிப் பயமுறுத்துவது இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது. பயத்துக்குப் பதில் ஏற்பாடு வேண்டும்: ஒரே பாதையில் போகும் பெண்பிள்ளைகள் நாலைந்து பேராகச் சேர்ந்து போக ஒரு நேரம், பள்ளி விட்டபின் கொழுந்து நிறுக்கும் வரை பிள்ளைக்காம்பராவிலோ சனசமூக நிலையத்திலோ இருக்க அனுமதி, லயக் கழிப்பறைக்கு ஒரு பூட்டும் விளக்கும். இவற்றில் மூன்றாவதற்குத்தான் தோட்ட நிர்வாகம் உடனே சம்மதிக்கும், செலவு குறைவு.

"படிப்பு ஏறல, தொழிலாவது பழகட்டும்" என்பது ஆண்பிள்ளைகளுக்குச் சொல்வது. இதை எதிர்த்து வாதாடாதீர்கள். "என்ன தொழில் பழகப் போகிறான்?" என்று மட்டும் கேளுங்கள். கராஜில் மூன்று வருடம் இருந்தும் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதைத் தாண்டாதவனும், சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரிப்பதோடு நின்றவனும் எல்லா லயத்திலும் ஒருவன் இருப்பான். 16 முடிந்த பையனுக்குத் தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ நைட்டாவிலோ (தேசிய பயிலுனர் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை) பயிற்சி உண்டு, முடிவில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். விண்ணப்பத் திகதியும் பஸ் கட்டணமும் எழுதிய ஒரு துண்டுக் கடதாசியோடு போனால் தகப்பன் காது கொடுப்பார்.

கடன் கணக்கு

பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பணத்தில் வந்து நிற்கும். குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்கை எழுதுங்கள், மனக்கணக்காகச் சொல்லாதீர்கள்.

தோட்ட நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபா, 2024 இல் 1,350 ரூபாவாகக் கூடியது. உங்கள் சம்பளச் சிட்டையில் இன்றுள்ள தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். 1,350 இல் மாதம் 20 பேர் (முழுநாள் வேலைப் பதிவு) விழுந்தால் 27,000. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,160 போகும். பிறகு சங்கச் சந்தா, கோயில், தீபாவளி முற்பணத் தவணை, மா அரிசிக் கணக்கு. கொழுந்து குறைந்த மாதத்தில் அரைப்பேர் விழுந்தால் மேலும் குறையும். இதைக் கழித்து, கடைக் கடனும் கிழமைக்குக் கிழமை கட்டும் லோன் தவணையும் எவ்வளவு என்று பக்கத்தில் எழுதினால், பிள்ளையை அனுப்பத் தூண்டும் உண்மையான பள்ளம் எவ்வளவு என்று தெரியும். பல வீடுகளில் அது பிள்ளை கொண்டுவரும் என்று நினைக்கும் தொகையைவிடச் சிறிது.

அதற்கு எதிரே பிள்ளையின் சம்பளத்தையும் எழுதுங்கள். தரகர் முன்பணம் கொடுத்தால் அது முதல் மாதங்களில் கழியும். போக வர ரயில் செலவு, உடைந்த கோப்பைக்குப் பிடித்தது, போன் ரீலோட் என்று கழியும். "சம்பளத்த நாங்களே பேங்க்ல போட்டு வைக்கிறோம், கல்யாணத்துக்குத் தருவோம்" என்ற பேச்சு வந்தால் புத்தகம் யார் பெயரில், யார் கையில் என்று கேட்கச் சொல்லுங்கள். முன்பணம் வாங்கிய வீட்டில் பிள்ளையைத் திருப்பி எடுப்பது கடினமாவது அந்தப் பணத்தால்தான். வாங்கியவர் சொல் தவற வேண்டியிருப்பதால் வெட்கப்படுகிறார். கடனுக்காகப் பிள்ளையை வேலையில் பிணைத்து வைப்பது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை பிள்ளையை விடமாட்டோம் என்று எவரும் சொல்ல முடியாது.

பள்ளத்தை நிரப்பப் புதிதாக நிதி எழுப்ப வேண்டியதில்லை, பெரும்பாலும் இருப்பதை எடுத்துக் கொடுத்தாலே போதும். அஸ்வெசுமவுக்கு விண்ணப்பிக்காமல் விட்ட வீடு, மறுக்கப்பட்டும் மேன்முறையீடு செய்யாத வீடு நிறைய. பாடநூலும் சீருடைத் துணியும் இலவசம் என்றாலும் கொப்பி, பஸ் காசு போன்றவை பெரும்பாலும் வீட்டின் தலையில்தான். பஸ் காசுக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் மாணவர் சீசன் டிக்கட்டும், ஓடும் பாதைகளில் சிசு செரிய என்ற மாணவர் பஸ்ஸும் உண்டு. சீசனுக்கு அதிபரின் கையொப்பம் வேண்டும். தவணை தொடங்கிய முதல் கிழமையே வகுப்பாகச் சேர்த்து எடுத்துவிட்டால் எல்லாருக்கும் கிடைக்கும், தனித்தனியாகப் போனால் பாதிப் பேர் போகமாட்டார்கள். மரண உதவிச் சங்கம் இருக்கும் தோட்டங்களில் அந்த விதியிலேயே ஒரு வரி சேர்க்கலாம்: மரணம் நடந்த வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் மூன்று மாதக் கொப்பிக் காசு. சடங்குக்காக வாங்கும் கடனைக் குறைப்பது இன்னும் நல்லது, ஆனால் அதை வெளியாள் சொன்னால் சண்டை வரும். மாதர் சங்கத்துக்குள்ளே, மண்டபம் இல்லை, வீடியோ இல்லை என்று இரண்டு வசதியான குடும்பங்கள் முதலில் செய்துகாட்டினால்தான் மற்றவர்கள் துணிவார்கள்.

பிள்ளை ஏற்கெனவே போயிருந்தால்

நீங்களே வான் பிடித்துக்கொண்டு கொழும்புக்குப் போகாதீர்கள். வாசலில் சத்தம் போட்டால் பிள்ளையைப் பின்பக்கத்தால் இன்னொரு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள், பிறகு விலாசமும் கையில் இருக்காது. தரகரிடமும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

முதலில் சேர்க்க வேண்டியது தகவல். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, படம். யார் கொண்டுபோனார், எந்தத் திகதியில். விலாசம் தெரியாவிட்டால் தொடருந்து நிலையத்திலிருந்து எப்படிப் போனார்கள், பக்கத்தில் கோயிலா, சந்தையா, எந்தப் பஸ் இலக்கம் ஓடுகிறது. பணம் அனுப்பிய சிட்டையில் எந்தக் கிளை என்று இருக்கும். வந்த அழைப்பின் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப அழைக்காதீர்கள்.

பிள்ளை தாயோடு பேசும் நேரத்தில் வீட்டுக்காரர் பக்கத்தில் இருப்பார். ஆகவே "ஆமா, இல்லை" என்று பதில் வரும்படி கேளுங்கள்: "ராத்திரி சாப்பிட்டியா? ஒம்பது மணிக்கு முந்தியா? காயம் ஏதும் ஆச்சா? வீட்டுக்கு வர ஆசையா?" நீண்ட கேள்விக்குப் பிள்ளை "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்லும்.

பிறகு 1929 ஐ அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் எண், இரவு பகல் உண்டு, தமிழில் பேசலாம், பெயர் சொல்லாமலும் முறைப்பாடு கொடுக்கலாம். பொலிஸ் சிறுவர் மகளிர் பணியகத்துக்கு 109. உயிராபத்து என்றால் 119. சொல்லும் முதல் வாக்கியத்திலேயே வயதும் இடமும் வரட்டும்: "பதினாலு வயதுப் பிள்ளை, இந்த விலாசத்தில் வீட்டு வேலையில் இருக்கிறது." குடும்பக் கதையைப் பிறகு சொல்லலாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பொலிஸில் எழுத்து முறைப்பாடு கொடுக்கும்போது உங்களுக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்டதில் கையொப்பம் இடாதீர்கள். தமிழில் எழுதச் சொல்லலாம், அல்லது வாசித்துக் காட்டச் சொல்லலாம்.

பிள்ளை காயத்தோடு திரும்பினால் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, உடுப்பைத் துவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது நம் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். உடுப்பை ஒரு கடதாசிப் பையில் போட்டு, பிள்ளையை அப்படியே அரச ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். "பேசி முடிச்சுக்கலாம்" என்று பணக் கவரோடு ஆள் வரும். கவரை வாங்கினால் பின்னர் முறைப்பாடே நம்பப்படாமல் போகும். வர வேண்டிய சம்பள நிலுவை வேறு, அதைத் தொழில் அலுவலகம் வழியாகக் கேட்கலாம். இரண்டையும் ஒரே பேச்சில் கலக்கவிடாதீர்கள்.

திரும்பி வந்த பிள்ளை

இங்கேதான் குழுக்கள் தளர்ந்துவிடுகின்றன. பிள்ளை வந்துவிட்டது, படம் எடுத்தாயிற்று, எல்லாரும் போய்விட்டார்கள். அடுத்த தீபாவளிக்குப் பிள்ளை மறுபடியும் போய்விடுகிறது.

காரணம் பெரும்பாலும் வகுப்பறை. இரண்டு வருடம் விட்ட பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பதினொரு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் ஒரு மாதம் தாங்காது. சேர்க்குமுன் நான்கு முதல் ஆறு கிழமை சனசமூக நிலையத்தில் மாலை ஒன்றரை மணி நேரம் வாசிப்பும் கணக்கும் மட்டும் கொடுங்கள். உயர்தரம் முடித்த ஒரு அக்கா போதும். வலயக் கல்வி அலுவலகத்தில் முறைசாராக் கல்விக்குப் பொறுப்பானவரிடம் எழுத்தறிவு வகுப்புக் கேட்கலாம். சேர்க்கும் நாள் தவணையின் முதல் நாளாக இருக்கட்டும். வகுப்பாசிரியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பிள்ளை எங்கே இருந்தது என்பதை வகுப்பில் சொல்லக் கூடாது. பதினாறை நெருங்கியவர் சாதாரண தரத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம்.

பெண்பிள்ளை என்றால் லயத்துப் பேச்சு வேறு. "அங்க என்ன நடந்துச்சோ" என்று தொடங்கி, அவசரக் கல்யாணத்தில் போய் முடியும். இதைக் கூட்டம் போட்டுத் தடுக்க முடியாது. மாதர் சங்கத்தில் வாய் உள்ள இரண்டு பெண்கள் அந்தப் பிள்ளையோடு கோயிலுக்கும் தண்ணிக்குழாய்க்கும் வெளிப்படையாகப் போய் வந்தால் பேச்சு அடங்கும். 18க்கு முன் கல்யாணம் பேசினால் நன்னடத்தை உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள்.

நகரத்துப் பக்கம்

ஹட்டன், நுவரெலியா, கண்டி, பதுளைக் கடைக்காரர்களிடம் போகும்போது "சட்டப்படி குற்றம்" என்று தொடங்காதீர்கள். பலர் தாங்களே பத்து வயதில் கிளாஸ் கழுவி முதலாளி ஆனவர்கள். அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அவரோடு கிளாஸ் கழுவிய மற்றப் பையன்கள் இன்று எங்கே என்று கேளுங்கள், பேச்சு மாறும். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் விடுதிகளும் கடைகளும் ஆள் தேடும். வர்த்தகர் சங்கத்தோடு மார்ச் மாதத்திலேயே பேசி, ஆளெடுக்கும்போது பிறந்த திகதி பார்ப்பது என்று ஒத்துக்கொள்ளச் செய்தால் பலன் உண்டு. "சிறுவர் தொழிலாளர் இல்லை" என்ற பலகை முன்வாசலில் இருக்கும், பையன் குசினியில் இருப்பான். ஆகவே பலகையை நம்பாதீர்கள்.

தொழில் உத்தியோகத்தர் கடைக்குள் வந்து சோதிக்க முடியும். தனியார் வீட்டுக்குள் அது அவ்வளவு எளிதல்ல. நாடு முழுவதும் 43,714 பிள்ளைகள் குழந்தைத் தொழிலில் இருப்பதாகச் சொன்ன 2016 சிறுவர் செயற்பாட்டு ஆய்வு போன்ற கணக்கெடுப்புகளுக்கும் பூட்டிய வீடு எளிதில் திறப்பதில்லை. அங்கே கண் வைக்கக்கூடியவர் அயலவர் மட்டும்தான். மாடிவீட்டில், பள்ளி நேரத்தில் பால்கனியில் துணி காயப் போடும் பிள்ளை, வீட்டுப் பிள்ளைகளின் பையைத் தூக்கிக்கொண்டு வானுக்கு வரும் பிள்ளை, கோயிலுக்கு எல்லாரும் போகும்போது வீட்டில் நிற்கும் பிள்ளை. "அவங்க நல்ல மனுசங்க, பிள்ளை மாதிரித்தான் வச்சிருக்காங்க" என்று தோன்றினால், பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போகிறது என்று வீட்டுக்காரரிடம் சும்மா கேட்டுப் பாருங்கள்.

முறைப்பாடு கொடுத்தும் ஒன்றும் நகராவிட்டால், முறைப்பாட்டு இலக்கத்தைப் போட்டு பிரதேச செயலாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், பிரதியை நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் அனுப்புங்கள். அதிகாரிகளே கவனிக்காமல் விடுகிறார்கள் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 இல் அழைக்கலாம். பதிவுத் தபால் சிட்டையைக் கொப்பியிலேயே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.